157 கோடியே 79 லட்சத்து 17 ஆயிரத்து 500: ஓர் எண்ணைப் பிரித்துப் பார்த்தால்

பூம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா ஊரில் நாள் பார்த்துச் சொல்பவராக இருந்தவராம். அவர் விட்டுப்போன நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "மகாயுகம் 43,20,000 வருஷம், நாள் 1,57,79,17,500." தம்பி கல்லூரியில் கணிதம் படிக்கிறார். "சார், இந்த எண்ணுக்குக் கணித ரீதியாக ஏதாவது விசேஷம் உண்டா? இல்லை, கேட்பவர் மலைக்கட்டும் என்று சொல்லி வைத்த பெரிய எண்ணா?" என்பது கேள்வி.

விசேஷம் உண்டு தம்பி. கொடைக்கானலில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். வகுப்பில் நான் அதிகம் எழுதிப்போட்ட பெரிய எண் இதுதான். உங்கள் தாத்தா எழுதி வைத்தது ஆரியபட்டரின் எண். பார்க்கப் பூதம்போல இருக்கும். ஆனால் அது ஒரு பின்னம். முழு எண்ணாக எழுதப்பட்ட பின்னம். அதைப் பிரித்துப் பார்த்தால், எப்படிக் கட்டினார்கள் என்பதே தெரிந்துவிடும்.

முதலில் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயம் என்ற நூலில் இந்த எண் நேரடியாக இல்லை. அங்கே இருப்பவை வேறு இரண்டு எண்கள். ஒரு மகாயுகத்தில், அதாவது நான்கு யுகங்கள் சேர்ந்த காலத்தில், சூரியன் 43,20,000 முறை சுற்றுகிறது என்பது ஒன்று. பூமி கிழக்கு நோக்கி 1,58,22,37,500 முறை சுழல்கிறது என்பது இன்னொன்று. பூமி சுழல்கிறது என்றே எழுதியிருக்கிறார், கவனியுங்கள். நட்சத்திரங்களை வைத்து எண்ணினால் பூமியின் சுழற்சி ஒரு வருஷத்தில் சூரிய உதயங்களைவிட ஒன்று கூடுதலாக வரும். ஆகவே முதல் எண்ணை இரண்டாவதிலிருந்து கழித்தால் சூரிய உதயங்களின் எண்ணிக்கை, அதாவது நாள்களின் எண்ணிக்கை கிடைக்கும். கழித்துப் பாருங்கள்: 1,57,79,17,500.

இவ்வளவு பெரிய எண்களைச் செய்யுளில் எப்படி அடக்கினார் என்று கேட்பீர்கள். எழுத்துகளுக்கு எண் மதிப்பு கொடுத்தார். 43,20,000-ஐச் சொல்ல அவருக்கு இரண்டே அசைகள் போதும். க-வர்க்கத்தின் இரண்டாம் எழுத்துக்கு 2, ய-வுக்கு 30, இரண்டின் மேலும் உகரம் ஏறியதால் 10,000 மடங்கு, ஆக 3,20,000. அடுத்து க-வர்க்கத்தின் நான்காம் எழுத்துக்கு 4, அதன் மேல் ஏறிய உயிரெழுத்துக்குப் பத்து லட்சம் மடங்கு, ஆக 40,00,000. கூட்டினால் சரியாக வருகிறது.

அப்புறம், நாள்களின் எண்ணிக்கையைப் பூமியின் சுழற்சி எண்ணிக்கையால் வகுத்தால் பூமி ஒரு முறை சுழல ஆகும் நேரம் 23 மணி 56 நிமிஷம் 4.1 நொடி என்று வரும். இன்றைய அளவும் 23 மணி 56 நிமிஷம் 4.09 நொடி. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கி இரவெல்லாம் ஒரு நட்சத்திரத்தைப் பின்தொடர வேண்டுமானால் இந்த வேகத்தில்தான் திரும்பியாக வேண்டும். கி.பி. 499-ஐ ஒட்டிய கணக்கு இது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

சரி, இப்போது பகாக் காரணிகள். கடைசி இரண்டு இலக்கங்கள் 00, அதனால் 4 வகுக்கும். இலக்கங்களைக் கூட்டினால் 42, அதனால் 3 வகுக்கும், 9 வகுக்காது. 5 நான்கு முறை வெளியே வரும். இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 2,10,389. இதோடு நின்று மல்லுக்கட்ட வேண்டும். ஒரு நவம்பர் மாதம், விடாத மழை, கரண்ட் இல்லை. கரும்பலகையில் இந்த எண்ணை எழுதிவிட்டு, வரிசையாக வகுத்துப் பாருங்கள் என்றேன். 7-க்கு மீதி 4. 11-க்கு மீதி 3. 13-க்கு மீதி 10. முப்பதைத் தாண்டியதும் பாதிப் பேர் இது பகா எண்தான் என்று பேனாவை மூடிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் நிறுத்தவில்லை. பதினெட்டாவது பகா எண்ணான 61-ல் மீதி இல்லாமல் போனது. ஈவு 3,449. அது பகா எண். ஆக,

1,57,79,17,500 = 2² × 3 × 5⁴ × 61 × 3,449

அடுக்குகளோடு ஒன்று ஒன்று கூட்டிப் பெருக்கினால் (3 × 2 × 5 × 2 × 2) இந்த எண்ணுக்கு மொத்தம் 120 வகுத்திகள். 120 என்றதும் ஜாதகம் பார்க்கிறவர்களுக்குத் தசை வருஷங்களின் கூட்டுத்தொகை நினைவுக்கு வரும். அது தற்செயல், அதன் பின்னால் போக வேண்டாம். 61-லும் 3,449-லும் கூட எந்த ரகசியமும் இல்லை.

விஷயம் இருப்பது 2² × 3 × 5⁴ என்ற பகுதியில். அதன் மதிப்பு 7,500. மகாயுகத்தின் வருஷ எண்ணிக்கையான 43,20,000-ஐப் பிரித்தால் 2⁸ × 3³ × 5⁴. இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி அதே 7,500. இரண்டையும் 7,500-ஆல் வகுத்துவிடுங்கள். மேலே 2,10,389 நாள், கீழே 576 வருஷம். அவ்வளவுதான் அந்தப் பூதம். 43 லட்சம் வருஷமும் 157 கோடி நாளும் சொல்லும் செய்தி ஒன்றே ஒன்று: 576 வருஷத்தில் 2,10,389 நாள்.

இதிலிருந்து ஒரு வருஷம் என்பது 365 நாளும், ஒரு நாளில் 576-ல் 149 பங்கும். 576 என்பது 24-இன் வர்க்கம். அதனால் ஒரு பங்கு என்பது சரியாக இரண்டரை நிமிஷம். 149 பங்குக்கு 6 மணி 12 நிமிஷம் 30 நொடி. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, விநாழிகைக்கு 60 தற்பரை என்ற கணக்கில் சொன்னால் 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. அதற்கு மேல் துண்டு துணுக்கு கிடையாது. நம் வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கின் அடிப்படை இந்த 365-15-31-15 தான். உங்கள் தாத்தாவின் நோட்டில் இந்த நான்கு எண்களும் எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

பின்னமாகவே சொல்லியிருக்கலாமே, ஏன் இவ்வளவு பெரிய முழு எண்? சூரியன், சந்திரன், செவ்வாய், வியாழன், சனி எல்லாவற்றின் வேகத்தையும் ஒரே கால அளவுக்குள் முழு எண்களாக எழுதிவிட்டால், எந்த இரண்டையும் எடுத்து ஒன்றால் ஒன்றை வகுத்துக்கொள்ளலாம். யுகம் என்பது இங்கே ஒரு பொதுப் பகுதி. பள்ளிக்கூடத்தில் பின்னங்களைக் கூட்டுவதற்கு முன்னால் பகுதியைச் சமமாக்குவோமே, அதேதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். இந்த எண் ஏன் 500-இல் முடிகிறது?

ஆரியபட்டர் தன் வயதைச் சொல்லுமிடத்தில், கலியுகத்தில் அறுபது அறுபது வருஷங்கள், அதாவது 3,600 வருஷம் கழிந்தபோது தனக்கு 23 வயது என்கிறார். அந்த வருஷம் கி.பி. 499. மகாயுகத்தில் 3,600 வருஷம் என்பது 1,200-இல் ஒரு பங்கு. 1,57,79,17,500-ஐ 1,200-ஆல் வகுங்கள்: 13,14,931.25. அந்தக் கால் நாளைப் பாருங்கள். இந்த முறையில் கலி பிறந்தது கி.மு. 3102-இல் ஒரு வெள்ளிக்கிழமை சூரிய உதயத்தில். உதயத்திலிருந்து கால் நாள் போனால் நடுப்பகல். 13,14,931-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2. வெள்ளிக்குப் பிறகு இரண்டு நாள், ஞாயிறு. கி.பி. 499 மார்ச் 21 ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் வந்து கணக்கு நிற்கிறது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளை ஒட்டிய நடுப்பகல் அது.

ஆரியபட்டர் பெயரில் இன்னொரு முறையும் உண்டு. அதில் நாள் தொடங்குவது நள்ளிரவில். அந்த முறையில் மகாயுகத்துக்கு நாள் 1,57,79,17,800. முந்நூறு கூடுதல். 1,200-ஆல் வகுத்தால் 13,14,931.5. நள்ளிரவிலிருந்து அரை நாள் போனாலும் அதே ஞாயிறு, அதே நடுப்பகல்! தொடக்கத்தைக் கால் நாள் முன்னே தள்ளினார்கள், அந்தக் கால் நாளை 1,200-ஆல் பெருக்கிய 300-ஐ எண்ணில் சேர்த்தார்கள், சேருமிடம் அசையவில்லை. கலியின் தொடக்கம் பின்னோக்கிக் கணக்கிட்டு வைக்கப்பட்டது என்று வானியல் வரலாறு எழுதுபவர்கள் பலர் சொல்வதற்கு இந்தப் பொருத்தம் வலுச் சேர்க்கிறது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. தன் காலத்து வானத்தைப் பார்த்தவர், அந்த நாளில் வந்து நிற்கும்படி எண்ணைக் கட்டியிருக்கிறார்.

ஆனால் அந்த 300 சேர்ந்ததும் காரணிகள் அடியோடு மாறிவிடுகின்றன. 1,57,79,17,800 = 2³ × 3³ × 5² × 2,92,207 என்று பிரியும். 43,20,000-உடன் பொதுக் காரணி இப்போது 5,400. சுருக்கினால் 800 வருஷத்துக்கு 2,92,207 நாள். பர்மாவிலும் தாய்லாந்திலும் மரபான நாள்காட்டிகளின் அடிப்படை இந்த விகிதம்தான். நமக்கு 576, அவர்களுக்கு 800. சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலின் எண்ணோ 1,57,79,17,828. நம் எண்ணைவிட 328 தான் அதிகம். அதற்கும் 43,20,000-க்கும் பொதுக் காரணி வெறும் 4. அதனால் வருஷமும் நாளும் மீதியில்லாமல் ஒன்றுசேர அங்கே 10,80,000 வருஷம் ஆகும். வருஷ நீளத்தில் வித்தியாசம் ஆறரை நொடிதான். சுழற்சியோ 576-லிருந்து பத்து லட்சத்துக்குத் தாவிவிட்டது. எண்ணின் அளவு ஒன்று, அதன் வகுபடும் தன்மை வேறொன்று என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

சந்திரனையும் சேர்த்துக்கொள்வோம். மகாயுகத்தில் சந்திரன் 5,77,53,336 சுற்று. அதில் சூரியனின் 43,20,000-ஐக் கழித்தால் அமாவாசைக்கு அமாவாசை எண்ணும் மாதங்கள், 5,34,33,336. நாள்களை இதால் வகுத்தால் ஒரு மாதம் 29.53058 நாள். இன்றைய அளவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஒரு நொடிக்கும் குறைவு. நாள், மாதம், வருஷம் மூன்று எண்களுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 12. அதனால் மூன்றும் முழுசாகச் சேர்ந்து திரும்புவது 3,60,000 வருஷத்துக்கு ஒரு முறை. அதில் 13,14,93,125 நாள். இதை 7-ஆல் வகுத்துப் பாருங்கள். 1,87,84,732 வாரம் போக மீதி ஒன்றே ஒன்று. அதாவது, இந்தக் கணக்குப்படி சூரியனும் சந்திரனும் பழைய இடத்துக்கே வரும்போது கிழமை மட்டும் ஒரு படி நகர்ந்திருக்கும். ஞாயிறு திங்களாகும், அடுத்த முறை செவ்வாயாகும். இதை யாரும் திட்டமிட்டு வைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. முதன்முதல் வகுத்து மீதி 1 என்று பார்த்த அன்று, சரிபார்க்க இன்னும் இரண்டு முறை வகுத்தேன்.

பன்னிரண்டு என்றதும் நம் மலைக்காரர்களுக்குக் குறிஞ்சி நினைவு வரும். நீங்களும் 2018-இல் பார்த்திருப்பீர்கள். அந்தப் பன்னிரண்டுக்கும் இந்தப் பன்னிரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அது செடியின் உயிர்க்கணக்கு.

இந்த எண்ணின் குறையையும் சொல்லிவிட வேண்டும். நட்சத்திரங்களை வைத்து எண்ணும் வருஷம் உண்மையில் 365.25636 நாள். ஆரியபட்டருடையது 365.25868. வருஷத்துக்கு 3 நிமிஷம் 20 நொடி அதிகம். அதோடு, மழையும் வெயிலும் திரும்பும் பருவ வருஷம் இன்னும் சிறியது, 365.2422 நாள். அதனோடு ஒப்பிட்டால் வருஷத்துக்குச் சுமார் 24 நிமிஷம் தள்ளிப்போகிறது. அறுபது வருஷம் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு நாள். கி.பி. 499-இல் மார்ச் 20-ஐ ஒட்டி இருந்த மேஷப் பிறப்பு, அதாவது சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நேரம், இப்போது ஏப்ரல் நடுவுக்கு வந்ததற்கு இதுதான் காரணம். நம் ஊர் ஆப்சர்வேட்டரி மேட்டில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். 1909-இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். அப்படிப்பட்ட கருவிகளோடு, கண்ணையும் நிழலையும் நம்பிய ஒரு கணக்கை நிறுத்திப் பார்த்தால் 3 நிமிஷம் 20 நொடி என்பது பெரிய பிழையாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பிழை பிழைதான். மாற்றக் கூடாத எண் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, தாத்தா இதை வைத்து என்ன செய்திருப்பார் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2026 ஏப்ரலில் பிறக்கும் பராபவ வருஷத்தை எடுத்துக்கொள்வோம். அப்போது கலி பிறந்து 5,127 வருஷம் முடிந்திருக்கும். 5,127-ஐ 365-ஆல் பெருக்கினால் 18,71,355. அப்புறம் 5,127-ஐ 149-ஆல் பெருக்கி 576-ஆல் வகுக்க வேண்டும். ஈவு 1,326, மீதி 147. ஆக 18,72,681 நாளும், 576-ல் 147 பங்கும். நாளை 7-ஆல் வகுத்தால் மீதி 6. வெள்ளியிலிருந்து ஆறு நாள் தள்ளி வியாழன். 147 பங்கை நாழிகையாக்கினால் 15 நாழிகை, 18 விநாழிகை, 45 தற்பரை.

இது சூரியன் ஒரே வேகத்தில் போவதாக வைத்துக்கொண்ட கணக்கு. சூரியன் அப்படிப் போவதில்லை, மேஷத்துக்குச் சற்று முன்னதாகவே வந்து சேர்ந்துவிடும். அதற்காக 2 நாள், 8 நாழிகை, 51 விநாழிகை, 15 தற்பரை கழிக்க வேண்டும். கழித்தால் செவ்வாய்க்கிழமை, உதயத்துக்குப் பிறகு 6 நாழிகை, 27 விநாழிகை, 30 தற்பரை. அதாவது 2 மணி 35 நிமிஷம். 2026 ஏப்ரல் 14 செவ்வாய்க்கிழமைதானே? இந்த உதயம் உஜ்ஜயினி தீர்க்கரேகையில் காலை 6 மணி என்று வைத்துக்கொண்ட உதயம். கொடைக்கானல் அதற்குக் கொஞ்சம் கிழக்கே இருப்பதால் ஏழு நிமிஷம்போல வித்தியாசம் வரும். பூம்பாறையில் மலைக்கு மேலே சூரியன் தலைகாட்டும் நேரத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு வருஷம் கண்டுபிடித்துவிட்டால் அடுத்தவை எளிது. ஒவ்வொரு வருஷத்துக்கும் கிழமையில் ஒன்று, நாழிகையில் 15-31-15 கூட்டிக்கொண்டே போக வேண்டும். 2027-க்குப் புதன், 21-58-45. 2028-க்கு வியாழன், 37-30-0. முப்பது நாழிகைக்கு மேல் போனால் சூரியன் மறைந்துவிட்டது. அதனால் அந்த வருஷம் மேஷப் பிறப்பு ஏப்ரல் 13 வியாழன் இரவில், சித்திரை 1 மறுநாள் வெள்ளி. நான்கு வருஷத்துக்கு மொத்தமாகக் கூட்ட வேண்டுமானால் கிழமையில் 5, நாழிகையில் 2, விநாழிகையில் 5. அப்படிக் கூட்டினால் குறிஞ்சி பூக்க வேண்டிய 2030-இல் புத்தாண்டு ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, உதயத்துக்குப் பிறகு 8 நாழிகை, 32 விநாழிகை, 30 தற்பரைக்குப் பிறக்கிறது. 2029-ஐ நீங்களே போட்டுப் பாருங்கள் தம்பி. தாத்தாவின் நோட்டில் அந்த வரிக்குக் கீழே இடம் இருந்தால் அங்கேயே எழுதுங்கள்.